சாகா

எங்கள் சாகாவை 1,800 வெள்ளிக்கு வாங்கினோம். 1991இல் பதிவான காடி. கதவின் அடிப்பகுதி துருப்பிடித்திருந்தது. கூரைத் துணி தொங்கியது. பின் சீட்டுக்கு அடியில் யாரோ மறந்துபோன தேவாரப் புத்தகம் ஒன்று கிடந்தது. தம்பி ஓட்டுநர். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசிப்பவள். இருவரின் சேமிப்பையும் கொட்டினால் பதினைந்தாயிரம் வெள்ளி தேறும். ஓர் அமெச்சூர் ராலியில் கலந்துகொண்டு கடைசி வரை ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஜெயிப்பது பற்றி நாங்கள் பேசவே இல்லை.

காடியை நேராக மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அம்மாவின் தம்பி. தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய், பிறகு சொந்தக் கடை போட்டவர். 1990களில் ராலி ஓட்டுகிறவர்களுக்குக் காடி தயார் செய்து கொடுத்திருக்கிறார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏன் நிறுத்தினார் என்பது யாருக்கும் தெரியாது.

மாமா பானெட்டைத் திறக்கவில்லை. அட்டையை விரித்துக் காடிக்கு அடியில் படுத்துவிட்டார். அங்கிருந்துதான் குரல் வந்தது.

“ஓடுமான்னு கேக்காத பாப்பா. எல்லாக் காடியும் ஓடும். நிக்குமா, உடையாம இருக்குமா, சூடாகாம இருக்குமா, அதக் கேளு. வேகமெல்லாம் கடைசி.”

நான் அதுவரை படித்திருந்த ராலி வரலாறு இதற்கு நேர் எதிராக இருந்தது. அதில் வேகம்தான் முதல். எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி, யார் முதலிடம். மாமாவின் வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அதே வரலாற்றைத் திரும்பப் படிக்கத் தொடங்கியபோது வேறு ஆட்கள் தெரிந்தார்கள்.

ஸ்பானர் பிடித்த கை

மோட்டார் போட்டிக்கு ‘ராலி’ என்ற பெயர் 1911இல் மாண்டி கார்லோவில் புழக்கத்துக்கு வந்தது. வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுவதல்ல இது. சாதாரண சாலையில், சாதாரணக் காடியில், குறித்த நேரத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி போட்டி வேகத்தோடு, மீதி சாலையோடு.

சாலையோடு நடக்கும் அந்தப் பாதிக்கு உச்சம் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953இல் தொடங்கியது. காலனி ஆட்சியின் கொண்டாட்டம். ஆனால் அந்தச் சாலைக்கு யார் எவர் என்ற மரியாதை கிடையாது. ஒரு பக்கம் தூசி, மழை வந்தால் அச்சு வரை சேறு. 1963இலும் 1968இலும் எண்பதுக்கு மேற்பட்ட காடிகள் கிளம்பி, ஏழே ஏழு மட்டும் ஊர் வந்து சேர்ந்தன.

அந்தச் சாலையில் மூன்று முறை வென்றவர் ஜோகிந்தர் சிங். 1932இல் கென்யாவின் கெரிச்சோவில் பிறந்தவர். கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களின் ஊர். பஞ்சாபிலிருந்து போன சீக்கியக் குடும்பம், அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், பையனும் மெக்கானிக் வேலைதான் கற்றான். பிறகு மோட்டார் சங்கத்தின் ரோந்து ஆளாக, நடுவழியில் நின்றுபோன காடிகளைக் கிளப்பிவிடும் வேலை பார்த்தார். ஒரு காடி எங்கே, எதனால் நின்றுபோகும் என்பதை அவருக்குச் சம்பளம் கொடுத்தே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

1965இல் அவர் சஃபாரியை முதன்முறை வென்ற காடி புதியதல்ல. ஏற்கெனவே போட்டியில் அடிபட்ட, செகண்ட் ஹேண்டாக வாங்கிய வால்வோ பிவி544. கம்பெனி அணியில் அல்ல, சொந்த முயற்சியில் கலந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் அவருடைய தம்பி ஜஸ்வந்த். இதைப் படித்தபோது ஒர்க்‌ஷாப்பில் என் தம்பியை நிமிர்ந்து பார்த்தேன். அவன் சீட்டைக் கழற்றத் தெரியாமல் போல்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஜோகிந்தர் மொத்தம் 22 சஃபாரிகளில் ஓடினார். அதில் 19 முறை முடித்தார். மூன்று வெற்றிகளைவிட இந்த 19தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாமாவிடம் சொன்னேன். “அவன் போமன்லா. காடி அழுவுறது அவனுக்குக் கேக்கும்” என்றார்.

லான்சரின் பேரன்

ஜோகிந்தரின் அடுத்த இரண்டு வெற்றிகள், 1974இலும் 1976இலும், மிட்சுபிஷி லான்சரில் கிடைத்தவை. பெரிய கம்பெனிகளின் வலிய காடிகளுக்கு நடுவே 1.6 லிட்டர் ஜப்பானியக் காடி. லான்சர் என்ற பெயரை ராலி உலகம் கவனித்ததில் அந்தப் பழைய மெக்கானிக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தது. தேசியக் காடி என்று கொண்டாடினோம். ஆனால் அதன் உடம்பும் 1.3 லிட்டர் எஞ்சினும் மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேவிலிருந்து வந்தவை. ஆக, நைரோபி சேற்றில் பெயர் வாங்கிய லான்சருக்கு நம் சாகா ஒரு வகையில் பேரன். ஆனால் குணம் அப்படியே வரவில்லை. தாத்தாவுக்குப் பின் சக்கரம் இழுக்கும், பேரனுக்கு முன் சக்கரம். அவர் மைதானத்துப் பிள்ளை. இவன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகப் பிறந்தவன்.

2002இல் இந்தக் கண்ணி இன்னொரு சுற்று சுற்றியது. மலேசியரான கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், உற்பத்திக் காடிகளுக்கான உலக ராலி சாம்பியன் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியதன் பெயர் புரோட்டோன் பெர்ட். உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். கென்யாவில் ஒரு சிங், மலேசியாவில் ஒரு சிங், இருவருக்கும் அடியில் ஒரே குடும்பத்துக் காடி.

சாகா என்ற பெயர் மரத்திலிருந்து வந்தது. தமிழில் ஆனைக்குன்றிமணி என்பார்கள். சிவப்பு விதை, பொன் நிறுக்கப் பயன்பட்டது. ஆனால் தோட்டத்துத் தமிழர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். சாகா என்றால் செத்துப்போகாதது. மாமா சொல்வார்: “பேருலயே இருக்கு பாரு. எவ்ளோ அடிச்சாலும் சாகாது.”

யார் போட்ட சாலை

இந்த நாட்டில் ராலி பெரும்பாலும் தோட்டங்களுக்குள்தான் நடக்கிறது. பொதுச் சாலையை மூடுவது கஷ்டம். தோட்டச் சாலைக்கு நிர்வாகத்தின் அனுமதி போதும். 2010களில் ஜொகூர் செம்பனைக் காடுகளுக்குள் ஆசிய பசிபிக் ராலி நடந்தபோது, அந்தச் செம்மண்ணின் வழுக்கலைக் கண்டு வெளிநாட்டு ஓட்டுநர்கள் மிரண்டார்கள்.

அந்தச் செம்மண் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். தாத்தா அதில் சைக்கிளில் பால் வாளி கட்டிப் போனவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சாலை மட்டும் அங்கேயே இருந்தது. மழைக்குப் பிறகு எந்த இடத்தில் டயர் பிடிக்கும், எங்கே சாக்கடை ஓரம் இடிந்து விழும் என்பதை அவர் குறிப்பு எழுதாமலே வைத்திருந்தார். நான் இன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டு வாசிப்பதும் அதைத்தான்.

1977இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு நெடும்பயண ராலி நடந்தது. இந்தியாவைக் கடந்த காடிகள் மெட்ராஸில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கின. அங்கிருந்து தெற்கே சிங்கப்பூர். மெட்ராஸிலிருந்து பினாங்கு: நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் வந்த கடல்வழி. மாமாவுக்கு அப்போது பதினொரு வயது. காடிகளைப் பார்க்கவில்லை, லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்லக் கேட்டதுதான். “நம்ம தாத்தா வந்த கடல்லயே காடி வந்துச்சாம்” என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். மெக்கானிக் ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததாகச் சொல்கிறார்.

பைப்

மூன்று மாதம் வேலை நடந்தது. சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாம் கழற்றினோம். துருப்பிடித்த தகடுகளை வெட்டிப் புதிதாக வைத்து வெல்டிங் அடித்தார் மாமா. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் புதிது. பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் காடிக்கு அடியிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுவந்தார். அடியில் இருந்தால் முதல் கல்லிலேயே போய்விடும். எஞ்சினுக்குக் கீழே அலுமினியத் தகடு. ஆக்சிலரேட்டருக்கு இரண்டாவது ஸ்பிரிங், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று மூடிவிடும். வெளியிலிருந்தே கரண்டைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச். ரேடியேட்டரைப் பொத்தோங் கடையில் பேரம் பேசி எடுத்தோம். எஞ்சின் சக்தியைக் கூட்ட ஒரு காசு செலவழிக்கவில்லை.

பணம் கரைந்துகொண்டே வந்தது. பாக்கி இருந்தது பெரிய வேலை: காடி உருண்டால் கூரை தலையில் இறங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு. முறையான கூண்டுக்குத் தையல் இல்லாமல் இழுத்த உருக்குக் குழாய் வேண்டும். பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் கேட் செய்யும் கடையில் அதே அளவில், பார்வைக்கு அப்படியே இருக்கும் பைப்பைக் கால்வாசி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். சின்னப் போட்டிதானே, யார் அறுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று தம்பி சொன்னான். நானும் தலையாட்டினேன்.

மாமா கையிலிருந்த கிரைண்டரை அணைத்தார். வெகுநேரம் பேசவில்லை.

“95லயோ 96லயோ ஒரு பையன் வந்தான். காசு இல்ல. நல்லா ஓட்டுவான். தண்ணி பைப்புல கூண்டு செஞ்சு குடுத்தேன். பெயிண்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதான். தோட்டத்துச் சாக்கடையில காடி கவுந்துச்சு. பைப்பு வளையல பாப்பா, தையல் ஓரமா கிழிஞ்சிடுச்சு. கிழிஞ்ச முனை அவன் வலது தோள்ல.”

பிழைத்தாரா என்று கேட்டேன்.

“பொழச்சான். இன்னும் பசார்ல பாப்பேன். என்னைத் திட்டினதே இல்ல. இடது கையால கை காட்டிட்டுப் போவான்.”

அதன் பிறகு மாமா எந்த ராலிக் காடியையும் தொடவில்லை. எங்கள் சாகாவைத் தொட்டது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் காடிக்கு அடியிலேயே தொடங்கியது ஏன் என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

நாங்கள் அந்த ஆண்டுப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. எட்டு மாதம் காத்திருந்து, சேர்த்து, சரியான குழாய் வாங்கினோம். மலிவாகக் கிடைத்த செகண்ட் ஹேண்ட் பெல்ட்டையும் மாமா திருப்பி அனுப்பினார். பாதுகாப்பு பெல்ட்டில் காலாவதி தேதி இருக்கும், நாடா வெயிலில் செத்துவிடும். “காடி செகண்ட் ஹேண்டா இருக்கலாம். தலைக்கும் முதுகுக்கும் செகண்ட் ஹேண்ட் வேணாம்” என்றார். குறைந்த செலவில் காடி தயார் செய்வது பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

முடித்தவர்கள்

போட்டியன்று முந்தின இரவு மழை. மூன்றாவது பிரிவில் நான் ஒரு வளைவைத் தவறாக வாசித்து, சாகா செம்பனை மட்டைக் குவியலுக்குள் நுழைந்து நின்றது. அலுமினியத் தகடு கல்லில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எடுத்து மறுபடி கிளம்பினோம். எங்களைவிட இரண்டு மடங்கு வேகமான காடிகள் வழியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. மாலையில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது எங்களுக்குப் பின்னால் இரண்டே காடிகள்.

முடிவுத் தாளை ஒட்டினார்கள். ஓட்டுநர், துணை ஓட்டுநர், காடி, நேரம் என்று கட்டங்கள். எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தன. காடியைச் செய்தவருக்குக் கட்டம் இல்லை. எந்த ஊர் ராலியிலும் இல்லை. மெக்கானிக்காக வாழ்ந்த ஜோகிந்தரின் பெயர் நமக்குத் தெரிவது, அந்த மெக்கானிக் ஸ்டீயரிங்கையும் பிடித்ததால்தான். ஒர்க்‌ஷாப்போடு நின்றுவிட்ட மற்றவர்கள், தமிழரும் சீனரும் மலாய்க்காரரும், முடிவுத் தாள்களை வைத்து எழுதும் எந்த வரலாற்றிலும் வரமாட்டார்கள். அவர்களைத் தேட வேண்டுமென்றால் காடிகளுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

நான் தாளைப் படம் எடுத்துக்கொண்டு மாமாவிடம் காட்ட ஓடினேன். அவர் அங்கே இல்லை. சாகாவின் பக்கத்தில் அட்டை விரிந்திருந்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு பாப்பா” என்றார். “கூண்டு கால்ல வெல்டிங் விட்டிருக்கான்னு பாத்துடுறேன்.”