மினியும் வோக்ஸ்வாகன் பீட்டிலும்: செயல்திறன் ஒப்பீடு

மினி, பீட்டில் ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இரு சிறிய கார்கள். குறைந்த செலவில் நால்வர் பயணம் செய்ய வேண்டும் என்பதே இரண்டின் நோக்கம். ஆனால் எஞ்சினை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இரண்டும் நேரெதிரான விடைகளைத் தந்தன.

தோற்றம்

பீட்டில் 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயால் வடிவமைக்கப்பட்டது. போருக்குப் பின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் அதன் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தது. அதையொட்டி அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய மினி 1959 ஆகஸ்டில் வெளியானது.

எஞ்சினும் வேகமும்

1960களின் தொடக்கத்தில் இரண்டின் திறனும் ஏறத்தாழ 34 குதிரைத்திறன். உச்ச வேகமும் மணிக்குச் சுமார் 115 கி.மீ. என்ற அளவிலேயே இருந்தது. பீட்டிலின் 1192 சிசி எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்பட்டு, பின்புறம் அமைந்தது. அதிகம் முடுக்கப்படாத எஞ்சின் என்பதால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் உச்ச வேகத்திலேயே ஓடும். மினியின் எஞ்சின் 848 சிசி மட்டுமே. ஆனால் அதன் எடை சுமார் 600 கிலோதான். பீட்டிலோ 700 கிலோவைத் தாண்டியது. இதனால் நகரச் சாலைகளில் மினி சுறுசுறுப்பாக இயங்கியது.

வளைவுகளில் நடத்தை

உண்மையான வேறுபாடு வளைவுகளில்தான் தெரிந்தது. பீட்டிலின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்கள் மீது இருந்தது. சேற்றிலும் பனியிலும் சக்கரம் வழுக்காமல் பிடிக்க இது உதவியது. ஆனால் அதன் பின் அரை அச்சுகள் கியர்பெட்டி அருகில் மட்டுமே மூட்டு கொண்டவை. வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கித் தரைப்பிடிப்பை இழக்கும். வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும். பழக்கமற்ற ஓட்டுநருக்கு இது ஆபத்தானது. 1960களின் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் அரை அச்சின் இரு முனைகளிலும் மூட்டு வைத்து இக்குறை களையப்பட்டது.

மினியில் எஞ்சின் முன்புறம் குறுக்காகவும், கியர்பெட்டி அதன் அடியிலும் அமைந்தன. 3.05 மீட்டர் நீள வண்டியின் நான்கு மூலைகளிலும் 10 அங்குலச் சக்கரங்கள் இருந்தன. சுருள்வில்லுக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள் அதிர்வைத் தாங்கின. பயணம் குலுக்கலாக இருந்தாலும், ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே வண்டி கீழ்ப்படிந்தது. 1961இல் முன் டிஸ்க் பிரேக்குகளுடன் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மினி மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966இல் முதலாவதாக வந்தும் முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கப்பட்டது.

தாக்கம்

விற்பனையில் வென்றது பீட்டில்தான். 2003இல் மெக்சிகோவில் உற்பத்தி முடிந்தபோது 2.1 கோடிக்கும் மேற்பட்ட கார்கள் உருவாகியிருந்தன. 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட மினியின் எண்ணிக்கை சுமார் 53 லட்சம். ஆனால் வடிவமைப்பில் நிலைத்தது மினியின் வழியே. 1974இல் வோக்ஸ்வாகன் நிறுவனமே வெளியிட்ட கோல்ஃப் காரில் எஞ்சின் முன்புறம் குறுக்காக அமைந்து, முன்சக்கரங்களை இயக்கியது. கியர்பெட்டி மட்டும் எஞ்சினுக்கு அடியில் அல்லாமல் பக்கத்தில் வைக்கப்பட்டது. 1983இல் இந்தியாவில் வெளிவந்த மாருதி 800 உட்பட, பின்னர் வந்த பெரும்பாலான சிறிய கார்கள் இந்த அமைப்பையே பின்பற்றின.