இடையன்குடி: தேரி நிலமும் திருச்சபைக் குடிகளும்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆட்களின் வரலாறாகவே அதனை எழுதியுள்ளனர். மிஷனரிமார் கப்பலேறிய நாள், கரையிறங்கிய நாள், முதல் ஞானஸ்நானம், ஆலயப் பிரதிஷ்டை என்ற வரிசையில் அவ்வரலாறு செல்கிறது. அவ்வரிசையை நாம் குறைகூற முற்படவில்லை. அது இல்லாவிடில் நமக்கு ஆண்டுகளே தெரிந்திரா. ஆயினும் ஒரு சபை தோன்றிய மண் எத்தகையது, அதன்மேல் குடியிருந்த மக்கள் யாவர், எத்தனைபேர், எத்தொழிலால் பிழைத்தனர் என்னும் வினாக்களை அவ்வரிசை எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடாமல், சுவிசேஷம் ஓரிடத்தில் வேர்கொண்டதும் அடுத்த இடத்தில் வேர்கொள்ளாததும் ஏன் என்பதை விளக்கவியலாது என்பது நமது துணிபு. எடுத்துக்காட்டாக ஒரு சிற்றூரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது நம் மாணவர் அனைவரும் பெயரளவிலாவது அறிந்த இடையன்குடி.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், திசையன்விளைக்கு அண்மையில், மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து சில மைல் உள்வாங்கி இவ்வூர் அமைந்துள்ளது. பெயரிலிருந்தே இது ஆட்டிடையர் குடியிருந்த இடம் என்பது விளங்கும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாம் காணும் குடிகளில் மிகப் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த நாடார்களே. ஊர்ப்பெயர் ஒரு காலத்துக் குடிகளையும், சபைப் பதிவேடு மற்றொரு காலத்துக் குடிகளையும் காட்டுகின்றன.

தாமிரபரணியின் வளத்தை மனத்திற்கொண்டு திருநெல்வேலியைக் கற்பனை செய்வோர் இவ்வூரை அடைந்தால் திகைப்பர். ஆற்றுநீர் பாயும் நெல்வயல் இங்கில்லை. நம்பியாறு, கருமேனியாறு போன்ற சிற்றாறுகள் மழைக்காலத்தில் மட்டுமே நீர் காண்பவை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. மழையின்றி அதன் காற்று மட்டும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே புகுந்து ஆனி, ஆடி மாதங்களில் இச்சமவெளியில் வீசுகிறது. அக்காற்று மணலை அள்ளிக் குவித்தும் இடம்பெயர்த்தும் வந்துள்ளது. ஊருக்கு நீர் தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை ஒன்றே. அதுவும் பொய்க்கும் ஆண்டுகள் உண்டு.

இந்நிலத்திற்குத் தேரி என்று பெயர். சாத்தான்குளம், குதிரைமொழி, குட்டம், இடையன்குடி ஆகிய ஊர்களைச் சுற்றிலும் செம்மணல் மேடுகளாக அது பரந்துகிடக்கிறது. மணல் துகள்கள்மேல் இரும்புத் துரு படிந்திருப்பதே அச்செந்நிறத்துக்குக் காரணம். புவியியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் பூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தேரிகளை ஆராய்ந்தார். 1956இல் சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் இம்மணல் மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப்பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டனர். ஆகவே ஆளற்ற பாழ்நிலத்தில் மிஷன் ஊர்கள் தோன்றின என்று சில பழைய அறிக்கைகளைப் படிப்போர் எண்ணுவரேல் அது தவறு. ஏடறியாத காலத்திலிருந்தே மனிதர் இங்கு வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்துள்ளனர்.

தேரியின்மேல் விழும் மழைநீரை மணல் உறிஞ்சி, அடிவாரத்தில் ஊற்றாக விடுகிறது. அவ்வடிவாரங்களிலே வாழையும் முருங்கையும் கிணற்றுப் பாசனத்தில் விளையும். ஏனைய இடமெல்லாம் பனை. பனையைப்பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் இப்பகுதியின் மக்கள்தொகையை நிர்ணயித்தது அதுவே. விதைத்த பனை பாளைவிட ஏறத்தாழ பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். நட்டவன் பிள்ளைகளுக்காகவே நடுகிறான். பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் நீளும். ஒரு பனையேறி முப்பது முதல் ஐம்பது மரங்கள் வரையில் ஏறுவான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. முருக்குத்தடியைத் தோளிலும் அருவாப்பெட்டியை இடுப்பிலும் கொண்டு, தளைநாரைக் காலில் மாட்டி, பாளையைச் சீவிக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டுவான். இறக்கிய பதனீரை விடிலியில் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவது மனைவியின் வேலை. விறகு பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. குடும்பம் முழுவதும் உழைத்தாலன்றி இத்தொழில் நடவாது.

இவ்விடத்தில் குருமார் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீவிய பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் அது உலர்ந்து ஊற்று நின்றுவிடும். ஆகவே பனைக்கு ஓய்வுநாள் என்பது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மரத்தின் உச்சியில் இருக்கவேண்டியவனை அதே விடியலில் ஆலயத்திலும் எதிர்பார்க்கும் குருவானவர், ஆசரிப்பு நாளைப்பற்றித் தாம் கற்ற பாடத்தை இம்மண்ணில் மீண்டும் ஒருமுறை கற்கவேண்டியிருந்தது. ஆராதனை நேரத்தை மணிக்கூண்டு மட்டும் தீர்மானித்துவிட முடியாத ஊர் இது.

இனி, இம்மாவட்டத்தின் தென்பகுதியை மேலிருந்து நோக்குவோமாகில், மூன்று பட்டைகளாக அது பிரிந்திருப்பதைக் காணலாம். கடற்கரையோரம் பரதவர்; 1530களிலேயே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றவர்கள்; 1542இல் தூய சவேரியார் வந்து அவர்களிடையே ஊழியம் செய்தார். மணப்பாடும் உவரியும் இன்றளவும் கத்தோலிக்க ஊர்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெல்வயலும் பெருங்கோயிலும் பிராமண, வேளாள நிலவுடைமையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேரியிலே பனையேறும் மக்கள். புராட்டஸ்டண்டு சபைகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றியது இந்த நடுப்பட்டையில்தான். இங்குப் பெருங்கோயில்கள் அரிது. அவற்றை அண்டிய நிலவுடைமையும் அரிது. ஒரே குலத்தவர் சிறுசிறு விளைகளாகப் பரவியிருந்தனர். ஒரு குடும்பம் சேர்ந்தால் உறவின்முறை வழியே செய்தி அடுத்த விளைக்குச் சென்றது. இப்பாகுபாட்டை மட்டுக்குமீறி இறுக்கவும் கூடாது. இடையன்குடிக்கு மேற்கேயுள்ள வடக்கன்குளத்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நாடார் கத்தோலிக்கர் இருந்தனர். அவ்வூர் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்ட வரலாறு தனியே எழுதத்தக்கது.

தொகையைப்பற்றிய சான்றுகளுக்கு வருவோம். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் காணும் பெயர்கள் 40. கிளாரிந்தா அம்மையார் உட்பட அவர்கள் பல குலங்களைச் சேர்ந்தவர்கள். கோட்டையையும் பட்டாளத்தையும் சார்ந்து வாழ்ந்தோர் அவர்களில் உண்டு. 1799இல் சாத்தான்குளத்தை அடுத்து, தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் உருவானபோது அங்குக் குடியேறியோர் 28 பேர். இவர்கள் தங்கள் சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டு அடைக்கலம் தேடியவர்கள். பெரும்பாலும் ஒரே குலத்தவர். இருபதாண்டு இடைவெளியில் சபையின் குடிவகையே மாறியது. கோட்டைச் சபை பல குலத்துச் சிலரைக் கொண்டது. தேரிச் சபை ஒரு குலத்துப் பலரைக் கொண்டதாக வளர்ந்தது. பிற்காலத்தில் நமது சபைகளில் எழுந்த சாதிச் சிக்கல்களை ஆராய்வோர் இவ்விரு எண்களிலிருந்து தொடங்குவது நலம்.

1802, 1803 ஆகிய ஆண்டுகளில் கெரிக்கே ஐயரும் சத்தியநாதன் ஐயரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். 1816இல் பாளையங்கோட்டையில் பட்டாளத்துக் குருவாகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹவ் கணக்கெடுத்தபோது மாவட்டத்திலிருந்த கிறிஸ்தவர் ஏறத்தாழ மூவாயிரம். இடைப்பட்ட காலத்தில் பஞ்சமும் 1811இன் கொள்ளை நோயும் வந்துபோயின. மேய்ப்பரும் போதிய அளவில் இல்லை. மறைந்த இரண்டாயிரம்பேரில் இறந்தோர் எத்தனை, திரும்பிச் சென்றோர் எத்தனை, பிழைப்புத் தேடி வேறிடம் போனோர் எத்தனை என்று பதிவேடு பிரித்துக் காட்டுவதில்லை. சேர்ந்தோரின் தொகையை விரலிட்டு எண்ணும் நமது நூல்கள் இக்குறைவை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அது நேர்மையான வரலாற்று முறையாகாது.

இராபர்ட் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841ஆம் ஆண்டின் இறுதியில். சென்னையிலிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பகுதி கால்நடையாகவே வந்தார். அவர் வருமுன்னரே அங்கு ஒரு சிறு சபை இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஒழுங்கின்றிச் சிதறிக்கிடந்த ஓலைக் குடிசைகளைக் கண்ட அவர், நிலம் வாங்கி, நேரான தெருக்கள் வகுத்து, கிணறு தோண்டி, மரம் வைத்து ஊரையே புதிதாக அமைத்தார். 1844இல் அவர் மணந்த எலைசா அம்மையார், நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் புதல்வி. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும், தம் தாயார் நாகர்கோவிலில் தொடங்கியிருந்த லேஸ் பின்னல் தொழிலும் அவரால் இவ்வூருக்கு வந்தன. பனைப்பருவம் முடிந்த மாதங்களிலும் காசு தரும் தொழிலொன்று பெண்கள் கைக்குக் கிடைத்தது என்பது பொருளியல் நோக்கில் சிறிய செய்தியன்று. பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் கட்டடப்பணி 1847இல் தொடங்கியது; பிரதிஷ்டை நடந்தது 1880இல். முப்பத்துமூன்று ஆண்டுகள்! கருப்புக்கட்டி விற்ற காசில் காணிக்கை செலுத்தும் சபை எவ்வளவு வேகத்தில் கல்லடுக்க முடியும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

நேரான தெரு என்பது வெறும் அழகுக்குரியதன்று. யார் எவ்வீட்டில் இருக்கிறார் என்று உபதேசியார் அறியவும், ஜெபத்துக்கு வராத வீட்டைக் கேட்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைக்கவும் அது உதவிற்று. எண்ணப்படத்தக்க குடிகளாக மக்கள் ஆயினர். அதில் பராமரிப்பும் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் எடைபோடுகிறோம்.

எண்ணியதோடு நில்லாமல் கால்டுவெல் அவர்களைப்பற்றி எழுதவும் செய்தார். 1849இல் சென்னையில் வெளியான அவரது ஆங்கிலச் சிறுநூல், சாணார் என்ற பெயரால் இம்மக்களின் தொழில், வழிபாடு, குணம் ஆகியவற்றை விவரித்தது. இங்கிலாந்திலிருந்து நன்கொடை திரட்டும் நோக்கமும் அதற்குண்டு. அந்நூலின் தொனி, யாரைப்பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் படித்தவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. அவர்களில் முதன்மையானவர் சட்டாம்பிள்ளை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857இல், ஐரோப்பிய மிஷனரிமாரின் தலைமையை உதறி, ஏக இரட்சகர் சபை என்று வழங்கும் தனிச்சபையை நிறுவினார். பிரிவுக்கு உடனடிக் காரணங்கள் வேறு இருப்பினும், தம்மக்களை இழித்துரைத்த நூலின் நினைவும் அதன் பின்னணியில் உண்டு. எழுதத் தெரிந்தவர் எழுதாதவரைப் பற்றி எழுதுகையில் நேரும் இவ்விபத்தைச் சபை அறிக்கை எழுதும் நாம் ஒவ்வொருவரும் அஞ்சவேண்டும். அவ்வாசிரியரே 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அருளித் தமிழுக்கு அழியாப் பெருமை சேர்த்தார் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது இருபாலார்க்கும் எளிது. 1921இல் சென்னை அரசு, பழைய பெயரை விடுத்து நாடார் என்னும் பெயரையே அரசுப் பதிவுகளில் வழங்க ஆணையிட்டது. மக்கள்தொகைக் கணக்கில் எத்தனைபேர் என்பதைப் போலவே எப்பெயரால் என்பதும் போராடிப் பெறவேண்டியதாயிருந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் இவ்வெண்களை மீண்டும் உலுக்கியது. பல்லாயிரம்பேர் சபைகளில் புதிதாகச் சேர்ந்தனர். உணவுக்காக வந்தவர்கள் என்று சிலர் அன்றே இகழ்ந்தனர். பசித்தவனுக்கு உதவியவரிடம் பசித்தவன் நெருங்குவதில் இகழ என்ன உண்டு என்று நாம் கேட்கிறோம். மறுபுறம், பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இம்மாவட்டத்தார் திரளாக இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1850களில் அங்குத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்தே உபதேசிமார் அனுப்பப்பட்டனர். சொந்த ஊர்ப் பதிவேட்டில் குறைந்த பெயர் கண்டிமலைப் பதிவேட்டில் கூடியிருக்கலாம்.

பள்ளிக்கல்வி பரவியபின் வெளியேற்றம் வேறு வடிவம் எடுத்தது. ஆசிரியராகவும் எழுத்தராகவும் வணிகராகவும் பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் அப்பாலும் சென்றனர். இன்று பனையேறுவோர் அருகிவிட்டனர். ஏறக் கற்பிப்போரும் மூப்படைந்துவிட்டனர். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமெனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மரத்தைக் காக்க ஆணை பிறப்பிக்கலாம், ஏறுவோனை ஆணையால் உண்டாக்கவியலாது. தேரி மணலைத் தூக்கி எறிந்த அதே ஆடிக்காற்று இன்று இராதாபுரம் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

எல்லைகளும் மாறியுள்ளன. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. அதனால் ஒரே தேரியின் பிள்ளைகளான முதலூரும் இடையன்குடியும் இன்று வெவ்வேறு மாவட்டத்திலும் வெவ்வேறு திருமண்டலத்திலும் உள்ளன. இரண்டையும் ஒருங்கே ஆராய விரும்பும் மாணவர் இரு இடங்களிலும் பதிவேடுகளைக் கேட்டுப் பெறவேண்டும். அங்ஙனம் பெறுவோர் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, தொழில் என்னும் பத்தியை ஆண்டுவாரியாகப் படியெடுப்பாராக. பனையேறி என்ற சொல் எவ்வாண்டில் முதன்முறையாக ஒரு மணமகன் பெயருக்கு எதிரே இல்லாமற் போயிற்று என்பதை எந்த மிஷன் அறிக்கையும் நமக்குச் சொல்வதில்லை, அப்பத்தி சொல்லும். கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் காலமானபின் அவரது உடல் மலையிலிருந்து இறக்கிக் கொணரப்பட்டு இடையன்குடி ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீடும் 2011 முதல் அரசின் நினைவு இல்லமாக உள்ளது. அவரைக் காணச் செல்வோர், அவர் வகுத்த தெருக்களில் இன்று பூட்டிய வீடுகள் எத்தனை, ஆள் குடியிருப்பன எத்தனை என்றும் எண்ணிக்கொண்டு திரும்பலாம்.