சீதனக் காணியும் கணவனின் கையொப்பமும்: தேசவழமையில் மணமான பெண்ணின் சொத்துரிமை

யாழ்ப்பாணத்தில் காணி விற்கவோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவோ எண்ணும் புலம்பெயர் குடும்பங்கள் பலவும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன. காணி மனைவியின் பெயரில் இருக்கிறது. அவருடைய தாய் தகப்பன் கொடுத்த சீதனம். உறுதியும் கையில் இருக்கிறது. பிறகு ஏன் நொத்தாரிசு கணவனின் கையொப்பத்தைக் கேட்கிறார்? அதே கணவர் தன்னுடைய முதுசக் காணியை விற்கும்போது மனைவியை யாரும் கூப்பிடுவதில்லையே? ஊர் வழக்கம் என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் இது எழுதப்பட்ட சட்டம். எழுதிய ஆண்டு 1911.

தேசவழமை என்று நாம் சொல்வது வடமாகாணத் தமிழருக்கு உரிய தனியாள் சட்டம். அதை முதலில் தொகுப்பித்தது ஒல்லாந்தர் ஆட்சி. ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை 1707 ஆம் ஆண்டில் அதை எழுதி முடித்தார். தமிழில் பெயர்த்து பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெற்றார்கள். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணும் இல்லை என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

பழைய தொகுப்பில் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைப்பது தவறு. சீதனம் பெண்ணின் சொத்து. தாயின் சீதனம் மகள்மாருக்கு இறங்கியது, தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்குப் போனது. கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் பங்கு. ஐரோப்பாவில் பல நாடுகளில் மணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் சொத்தே இருக்க முடியாத காலத்தில், யாழ்ப்பாணத்துப் பெண் தன் பெயரில் வீடும் வளவும் வைத்திருந்தார். இதை நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்வதில் பிழையில்லை. ஆனால் வைத்திருப்பது வேறு, ஆளுவது வேறு. மனைவி கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவள் என்பதால் அவன் சம்மதமின்றி எதையும் நன்கொடையாகக் கொடுக்கலாகாது என்ற விதியும் அதே தொகுப்பில் இருக்கிறது.

இன்று நொத்தாரிசு கையொப்பம் கேட்பது அந்தப் பழைய விதியை வைத்து அல்ல. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவை வைத்துத்தான். அந்தப் பிரிவு ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக் கொள்கிறது. மணமான பெண்ணின் சொத்து அவருடைய தனிச் சொத்து என்கிறது. அந்தச் சொத்தின் பராமரிப்புக்கும் வரிக்குமாகப் பட்ட கடனைத் தவிர, கணவனின் கடனுக்கு அது பொறுப்பில்லை என்கிறது. நகை, பணம் போன்ற அசையும் சொத்தை அவர் தன் விருப்பப்படி கையாளலாம். இறப்புக்குப் பின் யாருக்கு என்று மரணசாசனம் எழுதவும் கணவனைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போது அசையாச் சொத்தை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்மதமில்லாத உறுதி செல்லாது. அடுத்த பிரிவு கணவனைப் பற்றியது: அவர் தன் தனிச் சொத்தை மனைவியின் சம்மதம் இல்லாமலே கையாளலாம்.

அதாவது ஒரு பெண் தன் வீட்டைச் செத்தபின் யாருக்கும் கொடுக்கலாம், இருக்கும்போது கொடுக்க முடியாது. இந்த விசித்திரத்துக்கு நாம் இதுவரை ஒரு நல்ல விளக்கம் கேட்டதில்லை.

இங்கே ஒரு செய்தி எம்மவர் பலருக்குத் தெரியாது. இந்தச் சம்மத விதி 1911 இல் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் இருந்து கடைந்தெடுத்தது அல்ல. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்காக 1876 இல் வந்த கட்டளைச்சட்டத்தில் இதே விதி, ஏறக்குறைய இதே சொற்களில் இருந்தது. அது விக்டோரியா காலத்து ஆங்கிலேயச் சிந்தனை. கரையோரச் சிங்களப் பெண்களும் ஏனையோரும் 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டத்தால் அதிலிருந்து விடுபட்டார்கள். கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் உட்பட்ட மனைவியர் தம் காணியைக் கணவனைக் கேளாமலே விற்கலாம். கிழக்கு மாகாணத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்துவதால் மட்டக்களப்புப் பெண்ணுக்கும் இந்தத் தடை இல்லை. நூறு ஆண்டுகளாக இலங்கைத் தீவில் இந்தக் கையொப்பத்துக்குக் காத்து நிற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி ஒருவர்தான். ஆங்கிலேயன் கழற்றிப் போட்ட சட்டையை எம் பாட்டனின் சால்வை என்று நாம் மடித்து வைத்திருக்கிறோம்.

போருக்குப் பிந்திய வடக்கில் இந்தப் பிரிவின் பாரம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் மணமான பெண். தன் சீதனக் காணியில் ஒரு பரப்பை விற்று மகளைப் படிப்பிக்க நினைத்தால், இல்லாத மனிதரின் சம்மதம் கேட்கப்படுகிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் தடை நீங்கிவிடும். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் அதற்கு வழி செய்தது. ஆனால் பல பெண்கள் அந்தத் தாளை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் தேடுவதை விட்டுவிட்டதாகும், அவர் செத்துவிட்டார் என்று தாமே கையெழுத்திட்டதாகும். அவர்களின் மறுப்புக்குப் பிறகே 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று வந்தது. அரச உதவிகளைப் பெறவும், பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கவும், காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்கவும் அது உதவுகிறது. திருமணத்தை அது முடித்துவைப்பதில்லை. ஆகவே மனைவியின் சொந்தக் காணி விடயத்தில் 6 ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது.

அதற்கு ஒரு வாசல் உண்டு, அது 8 ஆம் பிரிவு. கணவன் கைவிட்டிருந்தால், இருவரும் ஒத்துப் பிரிந்திருந்தால், அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனையில் சிறையில் இருந்தால், சித்த சுவாதீனம் இழந்திருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், காரணமின்றிச் சம்மதம் மறுத்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நலன் அதைக் கோரினால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி பெறலாம். படிக்க நல்ல பிரிவுதான். நடைமுறையில் சட்டத்தரணிக்குக் கூலி, தவணைக்குத் தவணை பஸ், கிராம அலுவலரின் கடிதம், "அவர் எங்கே போனார்?" என்ற கேள்விக்குத் திறந்த நீதிமன்றத்தில் பதில். தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம். வாங்க வந்தவரும் அதுவரை காத்திருப்பதில்லை.

காணியை ஈடு வைக்க முடியாத பெண்ணுக்கு வங்கிக் கடன் எட்டாது. ஈடு கேட்காதது நுண்கடன் நிறுவனம். வாரா வாரம் வாசலில் வந்து நிற்பதும் அதுதான். வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் அந்தக் கடனில் எவ்வளவு நொந்தார்கள் என்பதற்கு, 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்கும் நிலை வந்ததே சான்று. நுண்கடன் பிரச்சினைக்குத் தேசவழமை மட்டும் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. காணியே இல்லாத பெண்கள்தான் அதில் மிகுதியாக மாட்டிக்கொண்டார்கள். காணி இருந்தும் அதை வைத்துக் கடனெடுக்க முடியாதவர்கள் அவர்களோடு அதே வரிசையில் போய் நின்றார்கள் என்பதே எமது கருத்து.

புலம்பெயர்ந்த நாடுகளில் இது வேறு வடிவில் வருகிறது. சுவிசிலோ கனடாவிலோ பிரிந்து வாழும் கணவர் கையொப்பத்தை ஒரு பிடியாக வைத்திருப்பார். "பாதிக் காசு எனக்கு" என்பார், அல்லது தொலைபேசியையே எடுக்கமாட்டார். இரண்டாவது வகை, மனம் இருந்தும் முடியாதவர். சம்மதத்தையோ அற்றோர்ணித் தத்துவத்தையோ இலங்கைத் தூதரகத்தில் போய் ஒப்பமிடச் சொல்வார்கள். அகதி அந்தஸ்தில் இருப்பவருக்கு அந்தப் படியை மிதிப்பதே அச்சம். அந்தஸ்தைப் பாதிக்குமோ என்று இந்த நாட்டுச் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. விவாகரத்து ஆனவருக்குச் சம்மதம் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியையும் மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருக்க வேண்டும். கைம்பெண்ணுக்கும் மணமாகாதவருக்கும் இந்தத் தடை இல்லை.

முப்பது ஆண்டுகள் லண்டனில் இருந்த பின்னும் தேசவழமை எம்மைப் பிடிக்குமா என்று கேட்பவர் உண்டு. யாழ்ப்பாணவாசி என்ற தன்மை ஒருவருக்கு இன்னும் இருக்கிறதா என்பதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கும். கொழும்பில் நிலையாகக் குடியேறிய தமிழருக்கு அது பொருந்தாது என்று 1913 அளவிலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனாலும் நொத்தாரிசு வழக்குக்குப் போக விரும்பமாட்டார், கையொப்பம் கேட்பார். கலப்புத் திருமணத்துக்கு 3 ஆம் பிரிவில் ஒரு விதி: தேசவழமைப் பெண் வேறு சட்டத்துக்கு உட்பட்ட ஆணை மணந்தால் அந்த மணவாழ்வு நீடிக்கும் வரை அவர் தேசவழமைக்கு வெளியே. மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்தவரை மணந்தால் உள்ளே வந்துவிடுகிறார். பெண்ணின் சட்டம் என்று ஒன்று இல்லை, கணவனின் சட்டம்தான் அவருக்கும்.

மாற்றம் கேட்டால் எழும் எதிர்ப்புகளில் ஒன்றை நாம் மதிக்கிறோம். எமது நிலம் பறிபோய்க் கொண்டிருக்கும் காலத்தில், தனியாள் சட்டத்தில் கை வைத்தால் கடைசி அடையாளமும் போய்விடும் என்ற அச்சம் அது. ஆனால் காணி வெளியே போகாமல் காப்பது கணவனின் கையொப்பம் அல்ல. அந்த வேலைக்கென்று கொள்வனவில் முன்னுரிமை தரும் தனிக் கட்டளைச்சட்டம் 1947 முதல் இருக்கிறது. பங்காளியும் உரித்தாளியும் முதலில் வாங்கும் உரிமை அதில் உண்டு, அதற்கு ஆண் பெண் பேதமில்லை. 6 ஆம் பிரிவில் சம்மதம் பற்றிய சில சொற்களை நீக்கினால் அந்த உரிமை ஒரு இம்மியும் குறையாது. பாட்டன் சட்டத்தைத் தொடவே கூடாது என்போருக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். 1707 தொகுப்பில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. கோவியர், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லியே இருந்தது. 1844 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அந்தப் பகுதி செத்தது. அதனால் தேசவழமை அழியவில்லை.

சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி அடைபட்டிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று 16 ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சாசனத்தை இலங்கை ஏற்றது 1981 இல். அதன் குழு 2017 இல் அந்த 16 ஆம் உறுப்புரையை நீக்கும்படி கேட்டது. இன்னும் நீங்கவில்லை. ஆகவே மிஞ்சியிருப்பது பாராளுமன்றத் திருத்தம். முடியாத காரியம் அல்ல: குடியேற்றத் திட்டக் காணிகளில் மூத்த மகனுக்கு முதலிடம் கொடுத்த 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலை 2022 இல் மாற்றினார்கள். தேசவழமைக்கு அப்படியொரு திருத்தத்தை வடக்கின் பிரதிநிதிகள்தான் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, ஊரில் மகளுக்கோ சகோதரிக்கோ காணி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். உறுதியை எழுதும்போதே அதைப் பின்னாளில் கையாள யாருடைய சம்மதம் தேவைப்படும் என்று நொத்தாரிசிடம் கேட்டு, அவருக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுங்கள். கணவன் இருக்குமிடம் தெரியாத உறவினர் யாரேனும் இருந்தால், வாங்குபவர் வந்து நிற்கும் வரை பொறுக்காமல் 8 ஆம் பிரிவு மனுவுக்கான தாள்களை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்: திருமணப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், இருந்தால் காணாமற்போனமைச் சான்றிதழ். சட்டத்தரணியின் கூலியை வெளிநாட்டில் இருந்து அனுப்ப முடியுமானால் அதை வீட்டுச் செலவுக் காசோடு கலக்காமல் தனியாக அனுப்புங்கள்.