நடவு நாளும் மாத்திரை நேரமும்: காவிரிப் படுகையில் நீரிழிவு

நீரிழிவுக்காரருக்கு நாம் எழுதித் தரும் அட்டவணை ஆண்டு முழுவதற்கும் ஒன்றுதான்: சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, குறித்த வேளையில் உணவு, மாலையில் அரை மணி நடை. தஞ்சை, திருவாரூர், நாகை வட்டார நெல்வேலை அப்படி ஓடுவதில்லை. குறுவை நடவில் இடுப்பொடியும் உழைப்பு. தை அறுப்பு முடிந்தால் கோடை முழுக்கச் சும்மா இருப்பு. மருந்தளவையும் உணவு அறிவுரையையும் சாகுபடியோடு சேர்த்து வகுக்காமல், நோயாளி ஒத்துழைப்பதில்லை என்று பதிவேட்டில் எழுதுவது அநீதி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது நகரத்து நோய் என்ற எண்ணம் காலாவதியாகிவிட்டது. 2011இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் நீரிழிவு ஆய்வின் முதற்கட்டத்திலேயே தமிழகக் கிராமங்களில் 7.8 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு இருந்தது. 2023இல் வெளிவந்த அதே ஆய்வின் முடிவின்படி மாநில அளவு 14.4 சதவீதம்.

நடவுக்குப் போகும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடிவதற்குள் நீராகாரமோ டீயோ குடித்துவிட்டுக் கிளம்புகிறார். சோறு, வெயில் ஏறிய பிறகு வரப்பில்தான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, சோறு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். குனிந்து உழைக்கும் தசையும் தன் பங்குக்கு இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு. ஆனி வெயிலில் நாற்று நடும் எல்லோருக்கும்தானே வியர்க்கிறது? அபாயத்தின் அடையாளம் வேலையின் களைப்புக்குள் மறைந்துவிடுகிறது. ஓரிரு முறை கண் இருண்டவர், "வேலைக்குப் போற அன்னிக்கு மாத்திரை வேணாம்" என்று தாமே முடிவெடுக்கிறார்.

மருத்துவமனை இதை அலட்சியம் என்கிறது. எனக்கு இது அனுபவத்தில் பிறந்த மருந்தளவு மாற்றமாகவே படுகிறது. குறை, அது பாதி அறிவோடு நடப்பதில்தான் இருக்கிறது. கூடவே தரப்படும் மெட்பார்மின் மாத்திரையைத் தனியாக எடுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. ஆனால் இரண்டும் ஒரே கவரில் வருவதால் இரண்டையும் நிறுத்திவிடுகிறார். வேலை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. எந்த மாத்திரையை எந்த நாளில் எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், முந்தானையில் முடிந்த வெல்லக்கட்டியோடு அவர் நிம்மதியாக வயலில் இறங்குவார்.

காலின் கதையும் இதுவே. செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்ற அறிவுரை சேற்றில் செல்லாது. மரத்துப்போன பாதத்துக்கு நத்தை ஓடு கீறியதும் தெரியாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் ஊறுவதும் தெரியாது. கரையேறியதும் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் உள்ளங்காலை வீட்டார் ஒருவர் பார்ப்பதே இங்கே நடக்கக்கூடிய வைத்தியம்.

சோற்றுக்கு வருவோம். 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அறுவடை இயந்திரம் உழைப்பைக் குறைத்தது, தட்டின் அளவு மட்டும் பழைய உழைப்புக்கு உரியதாகவே நிற்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் சர்க்கரையைப் போக்கும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. நெல் ஜெயராமன் போன்றோர் மீட்ட அந்த இரகங்கள் அரிய செல்வம். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல். ஆயினும் அதுவும் மாவுச்சத்தே. அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூலிக்காரரால் அதை வாங்கவும் முடியாது. கோடையில் ஒரு கரண்டி சோறு குறைத்து, அந்த இடத்தில் கீரையும் பயறும் வைப்பது அவர் கைக்கு எட்டும் வழி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள பதிவேட்டில் ஒரு பத்தி கூடினால் போதும்: இப்போது என்ன வேலை, எப்போது முதல் சோறு. மாதத்தின் பெயரைப் பார்த்து ஊகிப்பது உதவாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2024இல் திறந்ததோ ஜூலை 28. போர்செட் உள்ளவர் வயலில் நடவு முடிந்திருக்கும்போது, ஆற்றுநீரை நம்பியவர் வேலையின்றி வீட்டில் இருந்திருப்பார். ஒரே தெருவில் வசிக்கும் இருவருக்கு அந்த மாதம் ஒரே மருந்தளவு பொருந்தாது.