இளையோர் தொழில் வழிகாட்டல் (சுங்கைப் பட்டாணி வட்டாரம்)

படிப்பைப் பாதியில் விட்டுவிடும் நிலையிலுள்ள இடைநிலைப்பள்ளி மாணவர்களை வேலைக்கும் திறன் பயிற்சிக்கும் ஆயத்தப்படுத்தி, விவரமறிந்த மூத்தவர் ஒருவரை அவர்களுக்குத் துணையாக அமர்த்தும் பணி. கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங், சுங்கை லாலாங், பாடாங் செராய், கூலிம் ஆகிய சுற்றூர்களிலும் வாழும் தமிழ் இளையோரின் தேவைகளை ஒட்டி இக்கட்டுரை அப்பணியை விவரிக்கிறது.

தோட்டப் பின்னணி: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிரிடல் பரவியபோது தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். உடலுழைப்புக்கு ஆளனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அக்கூட்டில் சேராத கெடாவின் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. ஆனால் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. அதை முடித்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பு என்று எதுவும் இல்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் பெற்றோருடன் நின்று, பால் பிடிக்கும் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, பிறகு பால்வெட்டுக்குப் போவதே வழி. பள்ளி இருந்தது, பள்ளிக்கு அப்பால் பாதை இல்லை. இன்றைய வழிகாட்டுத் திட்டங்கள் எதிர்கொள்ளும் இடைவெளி அன்றே உருவானது.

தொண்டர் படை: இளையோரை ஒழுங்கமைத்த பெரிய முயற்சி ஒன்று தோட்ட மக்களிடமிருந்தே பிறந்தது. 1946-இல் பீடோங் அருகேயுள்ள ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாகி, கெடாத் தோட்டங்களில் பரவியது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி பெற்றனர், கள்ளுக்கடைகளை மறித்தனர். 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் மறியல் காவல்துறையுடன் மோதலாக வெடித்தது, கைதுகள் தொடர்ந்தன, படை ஒடுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதைப் பெரும்பாலும் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பகுதியாகக் காட்டுகின்றன. கூலி வாழ்க்கையே விதி என்றிருந்த இளைஞர்களுக்குக் கட்டுப்பாட்டையும் பொறுப்பையும் தன்மதிப்பையும் கற்றுத்தந்த அமைப்பு என்றே அதைக் கொள்ள வேண்டும். 1950-களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் தொடங்கிய மாணவர் மணிமன்றமும், பின்வந்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் பேச்சு, எழுத்து, நூலகம் வழியாக அப்பணியை வேறு வடிவில் தொடர்ந்தன.

தோட்டங்கள் கலைதல்: விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். எனினும் ரப்பர் செம்பனையாகவும், பல இடங்களில் வீடமைப்பு நிலமாகவும் மாறியதை அது தடுக்க முடியவில்லை. ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் பின்னர் குழிப்பந்து மன்றம் எழுந்தது. லயத்து வீட்டையும் கோயிலையும் அண்டை அயலாரையும் இழந்த குடும்பங்கள் நகரத் தாமான்களின் மலிவு வீடுகளில் சிதறின. பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளைப் பெற்றோரின் அக்கறையின்மைக்கும் குண்டர் கும்பல்களுக்கும் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் முதற்காரணம் இந்தப் பெயர்வுதான். காலை ஷிப்டுக்குத் தாயும் இரவுக் காவலுக்குத் தந்தையும் போகும் வீட்டில் பிள்ளையைக் கண்காணிக்க அண்டை வீடுகூட இல்லாமற்போயிற்று.

அமைப்புகள்: கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியம் 1979-இல் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா 1982-இல் நிறுவிய ஸ்ரீ முருகன் நிலையம் வார இறுதி வகுப்புகளை நாடெங்கும் நடத்திற்று. இவை தேர்வில் வெல்லக்கூடிய மாணவரை உயர்த்தின. தேர்வே எட்டாத மாணவருக்கென எழுந்தது, வழக்கறிஞர் பசுபதி முன்னின்று தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம். சிலாங்கூரின் களும்பாங் வளாகத்தில் மாணவர்கள் தங்கி மின்னியல் போன்ற கைத்தொழில்களைக் கற்கின்றனர்.

நடைமுறை: சிறப்பாக நடக்கும் திட்டம் தன்முனைப்பு முகாமோடு நிற்பதில்லை. ஒருநாள் உரைக்குக் கைதட்டிவிட்டுப் போன மாணவன் திங்கட்கிழமை மீண்டும் வகுப்பின் கடைசி வரிசையில்தான் அமர்கிறான். முதல் வேலை, ஆவணங்களைச் சரிசெய்தல். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவரும் குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவரும் தோட்டக் குடும்பங்களில் இன்னும் உள்ளனர். அது சரியாகும்வரை பயிற்சி விண்ணப்பம் நகராது. அடுத்து மலாயில் நேர்முகத் தேர்வு, சம்பளச் சீட்டில் சேமநிதிக்கும் சொக்சோ காப்புறுதிக்கும் பிடித்தது எவ்வளவு என்று பார்த்தறிதல், மோட்டார் உரிமம். பிறகு திறன் பயிற்சி. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழின் முதல் மூன்று நிலைகளுக்கு எஸ்.பி.எம். எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வின் தேர்ச்சியைவிடக் கைவேலையே முக்கியம். 2005-இல் வந்த இரட்டைப் பயிற்சி முறையில் பயிற்சியின் பெரும்பகுதி பணியிடத்திலேயே நடப்பதால், உதவித்தொகையோடு கற்க விரும்பும் ஏழை மாணவருக்கு அது பொருத்தமானது. வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களே கடினமானவை. மேலாளர் அதட்டியதற்காக நின்றுவிடும் பையனை அன்று மாலையே தேடிப்போய்ப் பேசி, மறுநாள் திரும்ப அனுப்பும் அண்ணன் ஒருவர் தேவை. இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் மானிய விண்ணப்பங்களில் இதற்கென்று தலைப்பும் இல்லை.

இன்றைய நிலை: 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கைப் பட்டாணித் தொழிற்பேட்டைகளும் திறனாளர்களைத் தேடுகின்றன. கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. நிறுவிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001 முதல் இவ்வட்டாரத்தில் இயங்குகிறது. 2017-இல் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா உருவானது.