கூண்டின் ஆதாயமும் கரையின் நட்டமும்: கடல் மீன்வளர்ப்பின் பொருளியல் குறித்து

1. சிக்கல்

இந்தியக் கடலோர மீன்வளர்ப்பின் போக்கை மாற்றிய தீர்ப்பு 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. வழக்கைத் தொடுத்தவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். அவரது பொதுவாழ்வு வேரூன்றிய இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்துக் காந்திகிராமம். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் அதே வட்டாரத்தின் பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். எத்திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் கடல் என்றிருக்கும் சமவெளியில் வாழ்ந்தவர்கள், நாகப்பட்டினக் கரையின் இறால் பண்ணைகளுக்கு எதிராக ஏன் நின்றார்கள்? கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குச் சென்று, நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தர 1981-இல் லாப்டி அமைப்பை நிறுவியவர்கள் அவர்கள். தாங்கள் பெற்றுத் தந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே உப்புநீர் ஏறுவதைக் கண்டார்கள்.

அந்த வழக்கு எழுப்பிய கேள்வி பொருளியல் சார்ந்தது: ஒரு பண்ணையின் இலாபத்தைக் கணக்கிடும்போது, பண்ணைக்கு வெளியே விழும் நட்டத்தை யார் ஏட்டில் எழுதுவது? இறாலைக் கடந்து கடலுக்குள்ளேயே கூண்டு கட்டி மீன் வளர்க்கும் காலத்துக்கு நாம் வந்துவிட்டோம். பண்ணையின் வரவு செலவை மட்டும் பார்த்து கடல் மீன்வளர்ப்பை ‘நீலப் புரட்சி’ என்று கொண்டாடுவது கணக்குப் பிழை. கரையின் ஏட்டையும் சேர்த்து எழுதினால்தான் எதை வளர்க்கலாம், எதைக் கூடாது என்பது தெளிவாகும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. வளர்ச்சியின் தடம்

உலக அளவில் வளர்ச்சி மறுக்க முடியாதது. 2022-இல் வளர்ப்பு மூலம் கிடைத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு, பிடிப்பு மூலம் கிடைத்ததை முதன்முறையாக மிஞ்சியது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது. 1970 வாக்கில் சிறு முயற்சியாகத் தொடங்கிய நார்வேயின் சால்மன் வளர்ப்பு, இன்று ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் தருகிறது. அதே நார்வே கடல் பேன் தொல்லையாலும், கூண்டிலிருந்து தப்பும் மீன்கள் காட்டுச் சால்மனோடு கலப்பதாலும் உரிமங்களை இறுக்க வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் முதலில் வந்தது இறால். 1990-களின் தொடக்கத்தில் வரி இறால் பண்ணைகள் கரையோரமாகப் பரவின. 1994-95-இல் வெண்புள்ளி நோய் பலரை முதலுக்கே மோசம் என்ற நிலைக்குத் தள்ளியது. 2009-க்குப் பிறகு அமெரிக்கப் பசிபிக் கரையிலிருந்து வந்த வனாமி இறால் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு உறைபதன இறாலுடையது. ஒரே இனம், ஒரே பெரிய வாடிக்கையாளர் என்ற அமைப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரி காட்டிக்கொடுத்தது.

மீனில் கதை வேறு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவா மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் விசாகப்பட்டினத்தில் கடற்கூண்டு ஒன்றை மிதக்கவிட்டது. அதன் மண்டபம் மையம் 2010-இல் கடல் விராலிலும், அடுத்த ஆண்டு பொம்பனோவிலும் குஞ்சு உற்பத்தியைச் சாதித்தது. பொரிப்பகக் குஞ்சு கிடைத்ததால்தான், கடலில் குஞ்சு தேடி அலையாமல் பாக் நீரிணைக் கரையில் மீனவர் குழுக்கள் கூண்டு அமைக்க முடிந்தது.

3. 1996 தீர்ப்பு கற்றுத்தந்த கணக்கு

தீர்ப்பில் பொருளியலாளர் கவனிக்க வேண்டிய பகுதி, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை. கரையோர இறால் வளர்ப்பால் சூழலுக்கும் சமூகத்துக்கும் விளையும் சேதத்தின் மதிப்பு, இறாலை விற்றுக் கிடைக்கும் வருவாயைவிட அதிகம் என்று அது கண்டது. குடிநீர்க் கிணறு உவர்த்தது, வயலில் நடவு நின்று கூலி போனது, மீனவர் கடலுக்குப் போகும் பாதை அடைபட்டது, மேய்ச்சல் நிலம் குளமானது ஆகியவை எந்தப் பண்ணையின் செலவுக் கணக்கிலும் இடம்பெறாதவை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறைகளைத் தவிர்த்த இறால் குளங்களை அகற்ற நீதிமன்றம் ஆணையிட்டது. வேலையிழப்போருக்கு ஆறாண்டுக் கூலியை இழப்பீடாகத் தரவும் சொன்னது.

இந்தச் சிந்தனை திண்டுக்கல் மக்களுக்குப் புதிதல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில், இறால் வழக்கிலும் தீர்ப்பளித்த நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் வந்த வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் தீர்ப்பில் திண்டுக்கல்லும் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததாக ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கை அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டியது உண்மை. அதன் விலையின் ஒரு பகுதியை அந்தக் கிணறுகளின் சொந்தக்காரர்கள் கட்டினார்கள் என்பதும் உண்மை. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த இரு வழக்குகளையும் இணைக்கிறது.

பின்னர் நடந்தது வேறு. மறுசீராய்வு மனுக்களால் பண்ணை அகற்றல் நின்றது. 2005-இல் கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் பதிவு பெற்ற பண்ணைகளை அனுமதித்தது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தம் கூண்டு மீன், கடற்பாசி, சிப்பி வளர்ப்பு ஆகியவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சிறைத் தண்டனையையும் நீக்கியது. தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது நல்லதே. ஆனால் 1996-இல் கேட்கப்பட்ட வெளி நட்டக் கணக்கை உரிமம் தரும் நிலையிலேயே கேட்கும் முறை இன்னும் ஏற்படவில்லை.

4. கூண்டுக்குள் ஒரு பார்வை

மண்டபம் பகுதியில் புழங்கும் கூண்டு பெரும்பாலும் 6 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சட்டம். அதில் ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்துக்கு உள்வலை தொங்கும். கொள்ளளவு சுமார் 113 கன மீட்டர். பெரிய மீன்கள் கடித்துக் கிழிக்காமலிருக்க வெளியே இன்னொரு வலை, கடற்பறவைக்கு மேலே ஒன்று, அடியில் நங்கூரக் கனம். சில வாரங்களில் வலைக்கண்ணில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு நீரோட்டத்தைத் தடுக்கும். ஆக்ஸிஜன் குறையும்முன் வலையை மாற்றியாக வேண்டும். கடல் விரால் வேகமாக வளரும். ஆறேழு மாதத்தில் இரண்டு மூன்று கிலோ தொடும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அது ஊனுண்ணி. ஒரு கிலோ மீனுக்குப் பல கிலோ மத்தியும் இழுவைப்படகின் கழிவு மீனும் தீனியாகும். எடுத்துக்காட்டாக ஆறு கிலோ என்று கொண்டால், கழிவு மீன் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் வளர்ப்பு மீனின் அடக்கவிலை 60 ரூபாய் ஏறுகிறது. கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சந்தையில் மீன் விலை உச்சத்தில் இருக்கும். வளர்ப்பவருக்கு விற்க அதுவே நல்ல சமயம். ஆனால் இழுவைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும் அதே நாட்களில் தீனி மீனும் எளிதில் கிடைக்காது. தடைக்காலத்துக்கு முன்பே மீனை விற்கும் எடைக்குக் கொண்டுவருபவர் பிழைப்பார். பிந்தியவர் இலாபத்தைத் தீனிக்குக் கொடுப்பார். வடகிழக்குப் பருவமழையும் புயலும் மறுமுனையில் நெருக்குகின்றன.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. மத்தி ஏழைவீட்டுப் புரதம். அதை விலை உயர்ந்த மீனின் தீனியாக்கும்போது, பணம் கூடும். ஊரின் உணவு குறையும். உள்நாட்டு ஏரி குளங்களில் விடப்படும் கட்லாவும் ரோகுவும் மிதவை உயிரிகளையும் சிதைந்த தாவரப்பொருளையும் தின்று வளர்கின்றன. ஒரு மீனைக் கொன்று இன்னொரு மீனை வளர்க்கும் தேவை அங்கு இல்லை. எனவே ‘வளர்ப்பு மீன் கடலின் சுமையைக் குறைக்கும்’ என்ற வாதம் உள்நாட்டுக் கெண்டை வகைகளுக்குப் பொருந்தும். கழிவு மீன் தீனியில் வளரும் கடல் விராலுக்குப் பொருந்தாது. குருணைத் தீனி பெருகும்போது இந்தக் குறை தணியும் என்பதை ஏற்கலாம். ஆனால் அந்தத் தீனியிலும் மீன்தூள் உண்டு.

இறால் குளத்தைவிடக் கடற்கூண்டு ஒரு வகையில் நிச்சயம் மேல்: அது வயலை உவராக்குவதில்லை, கிணற்றைக் கெடுப்பதில்லை. ஆகவே 1996-இன் தீர்ப்பை அப்படியே கூண்டின்மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஏற்ற வேண்டியது அதன் கேள்வியை.

5. தீனி கேட்காத பயிர்கள்

தீனியே வேண்டாத வளர்ப்பும் உண்டு. சிப்பி, கடற்பாசி இரண்டும் அத்தகையவை. இராமநாதபுரம் கரையில் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி, 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனத்தின் முயற்சியால் வேரூன்றியது. 12 அடிக்கு 12 அடி மிதவை, 45 நாள் சுற்று: முதலீடு சிறிது, திரும்பும் காலம் குறுகியது. மண்டபம் அருகே முனைக்காட்டில் கடல் விரால் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவைகளை நிறுத்திப் பார்த்தபோது, மீனின் கழிவிலிருந்து வரும் சத்தை உறிஞ்சி, தனியாக நிறுத்திய மிதவைகளைவிட அவை கூடுதல் விளைச்சல் தந்தன. ஒருவர் ஏட்டில் மாசு என எழுத வேண்டியது, மற்றவர் ஏட்டில் உரமாகிறது. வெளிச் செலவை உள்ளிழுக்கும் வழி இது.

பாசியும் பழுதற்றதல்ல. 2013 வாக்கில் வெப்பத்தால் பாசி மொத்தமாக அழிந்து பல குடும்பங்கள் வருவாய் இழந்தன. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைமீது இப்பாசி படர்ந்தது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அயல்நாட்டு இனத்தைத் தேசியப் பூங்காவின் அருகே வளர்க்கும்போது எச்சரிக்கை கட்டாயம். இராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் அமையும் கடற்பாசிப் பூங்கா இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும்.

6. கடல் யாருக்கு?

வயலுக்குப் பட்டா உண்டு, கடலுக்கு இல்லை. வலை வீசும் பாடு எவருக்கு எந்தப் பருவம் என்பதை ஊர்க்கட்டுப்பாடு தீர்மானித்து வந்த இடத்தில், கூண்டு என்பது நிரந்தர வேலி. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டம் பொதுப்பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு மானியம் தருகிறது. மீதியைப் போட முடிந்தவர் யார் என்பதே உண்மையான கேள்வி. கையில் முதல் இல்லாத மீனவர், மானியத்துக்காகத் தன் பெயரை மட்டும் கொடுத்து, கூண்டை வெளி முதலாளியிடம் விடும் நிலை வந்தால், 1990-களில் இறால் பண்ணைகளால் நிலத்தில் நடந்தது கடலிலும் நடக்கும்.

7. முடிவு

மேற்சொன்னவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, கூண்டு வளர்ப்புக்கு உரிமம் தருமுன் தீனியின் மூலம், கடலடியில் சேரும் கழிவு, அப்பகுதியின் மீன்பிடி இழப்பு ஆகியவற்றைப் பண மதிப்பில் கணக்கிட்டு வெளியிட வேண்டும். இரண்டாவது, கழிவு மீனை நம்பிய வளர்ப்புக்கு மானியம் தரக்கூடாது. பாசியோடும் சிப்பியோடும் இணைந்த வளர்ப்புக்கே முன்னுரிமை. மூன்றாவது, கடற்பரப்பின் குத்தகை அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் மட்டுமே, கைமாற்ற முடியாதபடி தரப்பட வேண்டும். நான்காவது, ஏற்றுமதியை மட்டுமே நம்பிய ஓரின வளர்ப்பிலிருந்து உள்நாட்டுச் சந்தைக்கான பல இன வளர்ப்புக்கு நகர வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் தேறும் கடல் மீன்வளர்ப்பு தமிழகத்தின் 1,076 கிலோமீட்டர் கரைக்கு வரமாகும். தேறாததை வளர்ச்சி என்று அழைத்தால், அதன் நட்டத்தை எந்த ஏட்டிலும் பெயரில்லாத மக்கள் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.