ஒரே இதழில் இரண்டு பதில்கள்

2009 மார்ச் 26 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்களுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவைப் பார்த்துவந்தால், புராஸ்டேட் புற்றுநோயால் வரும் சாவு குறையுமா? குறையவில்லை என்றது அமெரிக்க ஆய்வு. 20 சதவீதம் குறைந்தது என்றது ஐரோப்பிய ஆய்வு. “இந்த டெஸ்ட் எனக்கு வேண்டுமா டாக்டர்?” என்று கேட்பவருக்கு இன்றும் இவ்விரண்டின் எதிரொலிதான் பதிலாக வருகிறது. டாக்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாரோ அந்தப் பக்கம்.

அமெரிக்க ஆய்வின் பெயர் பி.எல்.சி.ஓ. 55 முதல் 74 வயதுவரை சுமார் 76,000 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு ஆறு ஆண்டுகள் வருடம் தவறாமல் பி.எஸ்.ஏ.; மறுபாதி தங்கள் வழக்கமான மருத்துவரிடம். ஏழாண்டுக் கணக்கில் முதல் குழுவில் 50 பேரும் இரண்டாவதில் 44 பேரும் இந்நோயால் இறந்திருந்தார்கள். டெஸ்டால் பலனில்லை என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் 1990-களின் அமெரிக்காவில் கொலஸ்ட்ராலோடு பி.எஸ்.ஏ.-வையும் சேர்த்து எழுதிக்கொடுப்பது மருத்துவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஆய்வில் சேரும்போதே சுமார் 44 சதவீதம் பேர் ஒரு முறையாவது அதைச் செய்திருந்தார்கள். சேர்ந்த பிறகும் மறுபாதியினர் சும்மா இருக்கவில்லை. ஆறாம் ஆண்டில் அவர்களில் 52 சதவீதம் பேர் டெஸ்ட் செய்துகொண்டதாக ஆய்வறிக்கையே சொன்னது. 2016-இல் மறுபாதியினர் நிரப்பிக் கொடுத்திருந்த கேள்விப் படிவங்களை வேறு சிலர் மறுபடி புரட்டினார்கள். முன்பு கணக்கில் வந்தவர்கள், கடைசி ஓராண்டுக்குள் வழக்கமான பரிசோதனையாகச் செய்தவர்கள் மட்டுமே. எப்போதாவது செய்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 90 சதவீதத்தை நெருங்கியது. ஆக, பி.எல்.சி.ஓ. உண்மையில் ஒப்பிட்டது ஒழுங்காக டெஸ்ட் செய்தவர்களையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தவர்களையும். இதை வைத்து “டெஸ்ட் வீண்” என்று சொல்வது என் பார்வையில் ஆய்வு தாங்காத முடிவு.

ஐரோப்பிய ஆய்வான இ.ஆர்.எஸ்.பி.சி.-யில் இந்தச் சிக்கல் குறைவு. நெதர்லாந்து, சுவீடன், பின்லாந்து உட்பட ஏழு நாடுகள். 55 முதல் 69 வயதுவரை 1,62,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒரு டெஸ்ட். நாட்டுக்கு நாடு விதிமுறை கொஞ்சம் மாறியது இதன் பலவீனம். இருந்தும் இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

எடுத்த பிறகுதான் வேறொரு வேலை இருக்கிறது. அந்த 20 சதவீதத்தை அப்படியே ஒருவர் கையில் கொடுத்தால் அவர் ஏமாந்துபோவார். அதே 2009 கட்டுரை இன்னொரு விதமாகவும் கணக்குச் சொன்னது: ஒரு சாவைத் தடுக்க 1,410 பேரை டெஸ்டுக்கு அழைக்கவேண்டும், கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை தரவேண்டும். இது மெதுவாக நகரும் நோய் என்பதால் ஆண்டுகள் போகப்போகக் கணக்கு மேம்பட்டது. 23 ஆண்டுத் தொடர்ச்சி 2025-இல் வந்தபோது 1,410 என்பது 456 ஆகவும், ஒரு சாவுக்கு ஈடாகக் கூடுதலாகக் கண்டறியப்பட்டவர்கள் 12 ஆகவும் இறங்கியிருந்தன. சதவீதம் மட்டும் 13-க்குக் குறைந்தது. இதை நம்மூர் ஆளிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: டெஸ்டுக்கு அழைக்கப்படாத ஆயிரம் பேரில் 16 பேர் இந்நோயால் இறந்தார்கள், அழைக்கப்பட்ட ஆயிரம் பேரில் 14 பேர்.

அந்த இரண்டு பேருக்காக மற்றவர்கள் கொடுக்கும் விலையையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். வயதால் வரும் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று இவற்றாலும் பி.எஸ்.ஏ. ஏறும். ஐரோப்பிய ஆய்வில் அளவு கூடுதல் என்று பயாப்சி செய்யப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இல்லை. இருந்தவர்களிலும் பலருடையது ஆயுள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடியது. பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வு 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்தது. 15 ஆண்டுகளில் மூன்றிலும் சுமார் 2 முதல் 3 சதவீதம் பேரே இந்நோயால் இறந்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது அறுவைக் குழுவைவிட இரு மடங்கு என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அறுவைக்குப் போனவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாண்டு கழித்து 17 சதவீதம். விறைப்புக் குறைபாடு இதற்குமேல். பல டாக்டர்கள் இந்தப் பேச்சைக் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். நோயாளியும் மனைவி பக்கத்தில் இருக்கக் கேட்பதில்லை.

2009-இன் குழப்பம் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவையே அலைக்கழித்தது. 2012-இல் எந்த வயதினருக்கும் வேண்டாம் என்றது. 2018-இல் 55 முதல் 69 வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாங்களே முடிவெடுக்கட்டும் என்று மாற்றியது. இப்போது பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தேவையற்றவற்றை வடிகட்டுகிறார்கள். தீவிரமில்லாத கட்டியை வெட்டாமல் கண்காணிக்கிறார்கள். 2009-இன் கணக்கில் இந்தச் சலுகைகள் இல்லை. அண்ணனுக்கோ அப்பாவுக்கோ இளவயதில் இந்நோய் வந்தவர்களுக்கும், பி.ஆர்.சி.ஏ. 2 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், கறுப்பின ஆண்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால் தராசு அவர்களுக்கு டெஸ்ட் பக்கம் சாய்கிறது.

70-ஐத் தாண்டியவர்களுக்கு வேண்டாம் என்பதில் மட்டும் 2018-இலும் அந்தக் குழு மாறவில்லை. இங்கோ முதியோருக்கான மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை, கிரியாட்டினினோடு பி.எஸ்.ஏ.-வும் தொகுப்பாகவே வந்துவிடுகிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. 78 வயதுக்காரர் ஒருவர் “கொஞ்சம் ஏறியிருக்கு” என்ற ரிப்போர்ட்டோடு யூராலஜிஸ்ட் முன் உட்கார்ந்தால், அவருக்குக் காட்ட இந்த இரண்டு ஆய்விலும் ஒரு எண்கூட இல்லை. அந்த வயதில் யாரையும் இரண்டிலும் சேர்க்கவேயில்லை.